இடது பக்கத்து எலிகள்

எலிக்குக்கூடவா கண்ணு படும்? மோசஸுக்கு அதே யோசனை. வேலூரில் அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்து எலியறையில் இரண்டு அலமாரிகள். இடது பக்கம் அவர் பொறுப்பு, வலது பக்கம் கணியம்பாடி ராமமூர்த்தி பொறுப்பு. ஒரே நாளில் வந்த வெள்ளை எலிகள்தான். ஒரே தீனி, ஒரே உமி. ஆனாலும் ராமமூர்த்தியின் எலிகள் கொழுகொழுவென்று துள்ளின. மோசஸின் எலிகள் முடி சிலிர்த்து மூலையில் ஒடுங்கின.

"இன்னா மோசஸு, ஒன் புள்ளைங்க பட்டினியா? எல்லாத்துக்கும் கைராசி வேணும்பா."

காலமெல்லாம் எலி வளர்த்தவருக்கு அது நெஞ்சில் முள். போதாததற்கு, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் கெசியா மேடம் வலது பக்கத்தைப் பார்த்து "சூப்பரா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டாள். அன்று மோசஸுக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி பிறந்த வீடு சாம்பிராணியும் சிரிப்புமாக இருக்க, அவர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், பிள்ளை பெற்ற மகள் ஜெனிஃபாவுக்கு வறுத்து வைத்த வேர்க்கடலையில் ஒரு பிடி அவர் சட்டைப்பையில் ஏறியது. ராமமூர்த்தி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இடது பக்கக் கூண்டுகளில் விழுந்தது.

"துன்னுங்கடா. என் மானத்தக் காப்பாத்துங்க."

தினமும் இதே வேலை. எலிகளுக்கு எடை கூடியது. கணக்குப் புரியாமல் குழம்பிப்போன கெசியா, ஒருநாள் உமியைக் கிளறி வேர்க்கடலைத் தோல் ஒன்றை எடுத்தாள்.

"மோசஸ் அங்கிள், இது மல்லாட்டத் தோலுதான?"

புடைத்திருந்த சட்டைப்பையை அவர் கையால் மறைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

அவள் திட்டவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். "ஆம்பூர் ஷூ கம்பெனியில, ஷூவுக்குள்ள நாத்தம் வராம இருக்க வெள்ளிப் பொடி தடவலாம்னு பாக்குறாங்க. கண்ணுக்கே தெரியாத நானோ பொடி. அது உடம்புக்குள்ள போனா இன்னா ஆகும்னுதான் இந்த ஆராய்ச்சி. உங்க எலிங்களுக்கு நான் தினமும் வாயில வுட்டது அதைத்தான். அவர் பக்கம் வெறும் தண்ணி."

மோசஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது நோய்க்கிருமிய முழுங்கிக் காவல் காக்குற செல்லு. பொடியையும் கிருமின்னு நெனச்சு முழுங்கிட்டு, செரிக்க முடியாமக் கெடக்குது. கறுப்பா திட்டுத்திட்டா தெரியுதா?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொன்னா நீங்க கவனிக்கிறது மாறிடும்னுதான் சொல்லல. இப்ப எது பொடியால, எது மல்லாட்டையாலன்னு எனக்கே தெரியல. எல்லாம் போச்சு, அங்கிள். மறுபடி மொதல்லேர்ந்து."

அவள் கண் கலங்கியதைப் பார்க்க முடியாமல் அவர் தரையைப் பார்த்தார்.

புது எலிகள் வந்தன. எந்தப் பக்கத்துக்குப் பொடி என்று கெசியா மூச்சுவிடவில்லை. ஆனால் இம்முறை ஒடுங்கியவை வலது பக்கத்து எலிகள். காரணம் தெரிந்தும் மோசஸுக்கு உள்ளூர இனித்தது. "கைராசி எங்கப்பா போச்சு?" என்று கேட்டும்விட்டார்.

ரெண்டு நாள் கழித்து, எலியறை வாசலில் ராமமூர்த்தியின் சட்டைப்பை புடைத்திருந்தது.

"ராமு, பையில இன்னா?"

"ஒண்ணுமில்லபா."

"அந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி அழ வேணாம். எட்றா வெளிய."

இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். நெய்யில் வறுத்த முந்திரி. மென்றுகொண்டே இருந்த மோசஸுக்குத் திரும்பவும் வயிறு எரிந்தது.

எலிக்கு முந்திரி! நமக்கு இது தோணாமப் போச்சே.