சனிக்கிழமை நின்றுபோன ஃபேன்

டாலிகஞ்சில் எங்கள் மாடி அறையில் ஒரு யூதர் தங்கியிருக்கிறார். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும்வரை சுவிட்சைத் தொடமாட்டார், நம்மைப் போடச் சொல்லவும் மாட்டார். அதனால் நேற்றே ஃபேனை ஓடவிட்டு வைத்திருந்தார்.

இன்று காலை பெருக்கப் போன என் வீட்டுக்காரி, பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டாள். மனுஷன் வாய் திறக்காமல் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு முருகேசன் வந்து என் உயிரை எடுத்தான்.

"அண்ணே, இவரு கிறிஸ்டியனா?"

"இல்லடா, யூதர்."

"சனிக்கிழமை இவ்ளோ சுத்தமா இருக்காரே, பெருமாள் பக்தரா?"

"ஆமா, போய் துளசி பறிச்சிட்டு வா."

"சாமி படம் ஒண்ணும் காணோமே?"

"அவங்க சாமிக்குப் படமே கிடையாதுடா."

"ஃபேன் போட்டா சாமி கோச்சுக்குமா?"

"அவரு போடக்கூடாது. எனக்கு வேர்த்து நான் போட்டுக்கிட்டா, அந்தக் காத்து அவருக்கும் வரலாமாம். வந்த அன்னிக்கே சொன்னாரு."

எனக்கும் நிஜமாகவே வேர்த்தது. ஃபேனைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிச் சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

"அப் க்யா கரேகா, அண்ணே?" என்று, இனி என்ன பண்ணுவீங்கன்னு இந்தியில் கேட்கிறான் முருகேசன்.

இதைப் படிக்கிற பக்கத்துத் தெருக்காரர்களே, அங்கேயாவது கரண்ட் இருக்கிறதா? மூன்று பேர் வருகிறோம்.