கோயில் மைக்கில் வந்த ரகசிய எண்

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில்தான் நான் முதன்முதலில் கம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒருத்தி அந்த ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேலை ஒப்பந்தத்தில்தான். ஒப்பந்தம் முடியுமுன் கொழும்பிலிருந்து டைரக்டர் வருவார், என் புரோகிராமைப் பார்ப்பார். ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு. மனுஷனுக்கு நாள் பார்க்கத் தெரியவில்லை. சரஸ்வதி பூசையன்று காலையிலேயே வந்து நின்றார்.

புரோகிராம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசிலிருந்து எடையை வாங்கி இணையத்துக் கிளவுட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பைத்தனில் எழுதியிருந்தேன். அனுப்பும் வேலையை, பிறர் எழுதிவைத்த லைப்ரரிப் புரோகிராம் ஒன்று பார்த்துக்கொள்ளும். ஆனால் அனுப்புமுன் "நீ யார்?" என்று கேட்கும். அப்போது காட்ட வேண்டிய அடையாளம்தான் கிரெடென்ஷியல். நிரந்தரமான ஒன்றைத் தலைமை ஆபீஸ் தர மறுத்துவிட்டது. தினமும் காலையில் லொகின் செய்து, அன்றைக்கு மட்டும் செல்லுகிற டோக்கன் ஒன்றை வாங்க வேண்டும். லொகின் செய்ய ஆபீஸ் போனில் ஓர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண் வேண்டும். அந்த எண்ணோ கண்ணை மூடித் திறப்பதற்குள் மாறிவிடும்.

டைரக்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கோ, பென்னன்ன" என்றார், எங்கே காட்டு என்று. கமாண்டைத் தட்டினேன். எண்ணைக் கேட்டது. மேசையில் போனைக் காணோம்.

"ஐயா, ஆபீஸ் போன் எங்கங்க?"

பெரிய கிளாக்கர் நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார். "கோயில்ல வச்சாச்சு பிள்ள. அதுவும் ஆயுதந்தானே?"

எங்கள் தோட்டத்தில் அன்றைக்குச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து பெக்டரி ஸ்பேனர் வரைக்கும் சாமி முன்னால் போய்விடும். மறுநாள் பூசாரி எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது. கொழுந்துக் கூடைக்கும் தராசுக்கும் மட்டும்தான் விலக்கு, கம்பியூட்டருக்கு இருந்த இடத்திலேயே பொட்டு. கொழுந்து நமக்காக நிற்காதே! இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் போனையும் கொண்டுபோய் வைப்பார் என்று யார் கண்டது?

கோயில் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் கிடையாது. ஆப் சிக்னல் இல்லாமலே எண்ணைக் காட்டும், ஆனால் அங்கிருந்து கோல் எடுத்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஓடினேன்.

"எடுக்கக் கூடாதும்மா" என்றார் பூசாரி.

"என் வேல போயிருங்க பூசாரியய்யா!" கத்தியேவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எடுக்கத்தானே கூடாது. பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? நல்லாப் பாத்துக்க."

கவ்வாத்துக் கத்திக்கும் படிக்கல்லுக்கும் நடுவில் போன் கிடந்தது. திரை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. சால்வை நுனியால் துடைத்து, எடுக்காமலே ஆப்பைத் தட்டி எண்ணைப் பார்த்து, வாயில் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறி ஓடி வந்து தட்டினேன். தவறு என்றது. நான் மூச்சு வாங்குவதற்குள் எண் மாறிப்போயிருந்தது.

"இன்னொருக்கா ஓடு பிள்ள" என்றார் கிளாக்கர்.

"நீங்க ஓடுங்கய்யா! கொண்டுபோயி வச்சது நீங்கதானே?"

என் வாய் அப்படி. பாவம், அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கினார். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் ஆறு மாத உழைப்பும் அந்தத் திரையில் சிவப்பு எழுத்தில் நின்றது.

கோயில் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு சட்டென்று நின்றது.

"ஹலோ, ஹலோ. ஆபீஸ் பிள்ள கவனத்துக்கு. நாலு... ஏழு... இது மூணா எட்டா பூசாரி? அட, மாறிருச்சு! இரு இரு, புது நம்பர். ரெண்டு, ரெண்டு, ஒம்போது..."

கிளாக்கரின் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. மேல் மலையில் கொழுந்து பறித்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஒம்போதாம்டி, ஒம்போது!" என்று நிரைக்கு நிரை கூவினார்கள். ஆறு இலக்கத்தையும் தட்டினேன். டோக்கன் வந்தது. மடுவத்து எடைகள் ஒவ்வொன்றாக டைரக்டரின் போனில் ஏறின.

"கவுத ஒய கேகஹன்னே?" யார் அப்படிக் கத்துவது என்று கேட்டவருக்கு, மைக்கில் போனது நான் தட்டிய எண்தான் என்று அப்போதுதான் விளங்கியது. முகம் மாறிவிட்டது. அந்த ரகசிய எண் இப்போது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"முழுத் தோட்டத்துக்கும் தெரியும் சேர்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். "கீழ்க் கிராமத்துக்கும் கேட்டிருக்கும். ஆனால் அது இனிச் செல்லாது. எண் செத்துப்போய்விட்டது."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்கும் கடவுளிடம்தான் கேட்பாயா?"

"வேண்டாம் சேர். இந்த மெஷினுக்கென்று தனியாக ஓர் அடையாளம் வாங்கித் தாருங்கள். ஆள் போனை நம்பி இது ஓடக் கூடாது."

"அதைச் செய்ய ஆள் வேண்டுமே. நீயே இரு" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தானாக ஓட வேண்டிய புரோகிராமை ஒரு மனிதர் கையில் இருக்கிற போனோடு முடிச்சுப் போடாதீர்கள். மனிதர் என்றால் பூசை இருக்கும், கல்யாணம் இருக்கும், சாவு வீடு இருக்கும். மெஷினுக்கு அதன் அடையாளத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பொங்கல் சாப்பிடுங்கள்.

அடுத்த வருடப் பூசைக்கு எனக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. போனை நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஆபீஸில் வந்து உட்கார்ந்ததும் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு நின்றது.

"ஆபீஸ் பிள்ளைக்கு நம்பர் ஏதும் வேணுமா?" பூசாரியின் குரல்.

நான் வாயைத் திறக்குமுன் மேல் மலையிலிருந்து பதில் வந்தது.

"ஒம்போது!"