செத்தவீட்டில் தேறிய திருத்தம்

கணினிக்குள்ளே பணிகளை வரிசைப்படுத்தும் நிரலை எழுதுவோர், தம்மை எவரும் நினைக்காதிருக்கும்வரைதான் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். திரையில் வட்டம் சுழல, மேசையைத் தட்டிக்கொண்டு காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டு. ஆகையால் உங்களை என் துன்பத்தின் பங்காளிகளாகவே கருதி இவற்றை எழுதுகிறேன்.

தந்திரக்காரர்

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஓர் இயங்குதளத்தின் மையநிரலான கருவுக்கு, இணுவிலில் உள்ள என் வீட்டிலிருந்து நிரல் எழுதுகிறேன். நெடுங்காலம் இலக்கணம் பயின்றவள் என்பதால், விதியொன்றை வகுத்தால் அதற்கு எவரும் தப்பக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. கணினியில் எப்போதும் பல பணிகள் செயலியைக் கேட்டு நிற்கும். அவற்றுள் எது முந்துவது, எது பொறுப்பது என்று தீர்ப்பதே என் பகுதி. சில பணிகள் தம் பங்கை மிகுதியாக உண்டுவிட்டு, ஒரு கணம் உறங்கி எழுந்து, புதிதாக வந்தவைபோல வரிசையின் முன்னே நிற்கும். இந்தத் தந்திரக்காரரைப் பிடிக்க ஒரு திருத்தம் எழுதினேன்: அடிக்கடி உறங்கி எழும் பணி திடீரென மிகுதியாகக் கேட்டால், அதைப் பின்னே அனுப்புக. அத்திருத்தம் அடுத்த வெளியீட்டில் இடம்பெற வேண்டும் என்பதே அப்போது என் ஒரே கவலை.

இதை நேசன் அண்ணைக்கு விளக்கினேன். அவர் எங்கள் சந்தியில் வீடியோக் கடை வைத்திருப்பவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெற்றோல் இல்லாத காலத்திலை உம்மையெல்லோ பிள்ளை பெற்றோல் செற்றடியிலை வரிசை பார்க்க விட்டிருக்கவேணும்."

ஆடி மாதம்

ஊரில் நடக்கும் நன்மை தீமைகளை வெளிநாட்டு உறவினர்க்கு நேரலையாக அனுப்புவது நேசன் அண்ணையின் தொழில். அவருடைய பழைய மடிக்கணினி என் சோதனைக்கு மிகப் பொருத்தமானது. புதிய கணினி தன் வேகத்தாலேயே பிழைகளை மறைத்துவிடும். அவர் இசைந்தார். திருத்திய கருவை அதில் ஏற்றி, அவர் போகும் இடமெல்லாம் நானும் போய் அளவெடுத்தேன்.

ஒரு முறையேனும் படம் தடுமாறவில்லை. முடிவுகளை அட்டவணையாக்கி அனுப்பினேன், திருத்தம் ஏற்கப்பட்டது. பருத்தித்துறையில் காலமான ஒரு பள்ளி அதிபரின் மகன் இலண்டனிலிருந்து நேசன் அண்ணையை அழைத்துச் சொன்னதை நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன்: "அப்பா உயிரோடை வீடியோவிலை கதைக்கேக்கைகூட இவ்வளவு தெளிவாய்த் தெரிஞ்சதில்லை, அண்ணை."

உயர்த்திய கை

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தம் வட்டுக்கோட்டையில். மணமகளின் ஒரே தமையன் சுதன் கனடாவில் இருந்தார். அகதி விண்ணப்பம் முடிவாகாததால் அவரால் அந்நாட்டைவிட்டுப் புறப்பட முடியவில்லை. மாப்பிள்ளைத் தோழனாக அவர் நிற்கவேண்டிய இடத்தில் சித்தப்பாவின் மகன் நின்றான். தாலி ஏறுவதையாவது அந்த நேரத்திலேயே தன் மகன் பார்க்கவேண்டும் என்று தாயார் நேசன் அண்ணையிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

ஐயர் கையசைத்தார். கெட்டிமேளம் எழுந்தது, சபை முழுவதும் எழுந்தது, பூவும் அறுகரிசியும் மழையாகப் பறந்தன. மணமகன் தாலியை உயர்த்தினார். மணவறையில் தாலி ஏறியது. மடிக்கணினித் திரையில் ஏறவில்லை. உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. எந்த விசையைத் தொட்டும் பயனில்லை. சபை மீண்டும் அமர்ந்த பின்னரே படம் அசைந்தது. அதற்குள் தாயாரின் கைத்தொலைபேசி ஒலித்துவிட்டது. சுதனின் நடுங்கிய குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "அம்மா, மாப்பிள்ளை ஏன் கட்டாமல் யோசிச்சுக்கொண்டு நிக்கிறார்?"

காரணம்

மறுநாள் கடையில் அமர்ந்து பதிவுகளை ஆராய்ந்தேன். படத்தைச் சுருக்கி அனுப்பும் பணி, ஒவ்வொரு படத்துக்கும் எழுந்து, வேலையை முடித்து, மீண்டும் உறங்கும் இயல்புடையது. படத்தில் அசைவு குறைவென்றால் அதன் தேவையும் குறைவு. கெட்டிமேளத்தின்போதோ படத்தின் ஒவ்வொரு மூலையும் மாறுகிறது. அது முதன்முறையாக மிகுதியாகக் கேட்டது. என் விதி அதைத் தந்திரக்காரர் என்று பிடித்துப் பின்னே தள்ளியது.

இது ஏன் முன்னரே தெரியவில்லை என்று எண்ணியபோதுதான் திடுக்கிட்டேன். ஆடியில் எவரும் கலியாணம் வைப்பதில்லை. என் அட்டவணையில் இருந்தவை அனைத்தும் செத்தவீடுகள். நேசன் அண்ணை தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உம்மடை சட்டம் செத்தவைக்குச் சரி, பிள்ளை. அவை முறைப்பாடு செய்யமாட்டினம்."

பதில்

வெளியீடு நெருங்கியிருந்தது. என் திருத்தத்தை நீக்குமாறு நானே எழுதினேன். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினேன். கண்ணால் கண்டிராத, ஆனால் என் ஒவ்வொரு வரியையும் படித்திருந்த, கருவின் பராமரிப்பாளரிடமிருந்து அன்றே பதில் வந்தது: "நீக்கிவிட்டேன். உங்கள் அட்டவணையில் 'இறுதிச் சடங்கு' என்றிருந்தது ஏதோ சோதனை நிரலின் பெயரென்றே இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன்."

மறுமுறை

பணியொன்றின் நெடுநேரப் பழக்கத்தைப் பார்த்தே தீர்ப்பளிக்குமாறு விதியை மாற்றி எழுதினேன். இம்முறை சோதிக்க எனக்குக் கெட்டிமேளம் தேவைப்பட்டது. கமராவில் அந்தக் கலியாணம் முழுமையாகப் பதிவாகியிருந்தது. அதை அனுப்புவதாக நேசன் அண்ணை முன்னரே சொல்லியும், முடிந்த கதையை இனி என்னத்துக்குப் பார்ப்பது என்று சுதன் மறுத்திருந்தார். நான் அவரை அழைத்து, பதிவை அதே மடிக்கணினி வழியாக நேரலைபோல அனுப்பப் போவதாகவும், படம் எங்கே நிற்கிறது என்று மறுமுனையிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும் என்றும் கேட்டேன். உதவி என்றதும் ஒப்புக்கொண்டார்.

கெட்டிமேளம் எழுந்தது, கை உயர்ந்தது. மறுமுனையில் ஓசையே இல்லை. மீண்டும் நின்றுவிட்டதோ என்று நான் பதறி, பெயர் சொல்லி அழைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தமும், அதன் பின்னர் அவர் குரலும் வந்தன: "ஓம் அக்கா, இந்தமுறை கட்டிப்போட்டார்."

புதிய திருத்தம் இப்போது கருவில் இருக்கிறது. ஆடியில் சோதித்ததை ஆவணியில் நம்பாதே என்பதைத் தவிர, அதனோடு சேர்த்து அனுப்பவேண்டிய குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை.