சாயம் போடாத ஸ்லைடில் பச்சைப் புள்ளிகள்

1. எங்கள் ஆய்வகம் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு புரதம் நரம்பு செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்பதுதான் என் தோழியின் ஆய்வு.
2. எலி மூளைச் சீவல்களில், அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் பச்சைச் சாயத்தை ஏற்றினாள். செல்லின் கருவைச் சுற்றிப் புள்ளிகள் மின்னின. இடம் அதுதான் என்று தீசிஸில் எழுதினாள்.
3. சாயமே போடாத ஒரு ஸ்லைடை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.
4. அதிலும் அதே புள்ளிகள்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாக்ஸ மாத்தி எடுத்திருப்படி. தள்ளு அங்கிட்டு" என்று சொல்லி, சாயமில்லாத வேறொரு வெறும் ஸ்லைடை அவளே வைத்தாள். கண்ணை எடுக்க வெகுநேரமாயிற்று.

வயதான நரம்பு செல்களில் ஒருவகைக் கழிவு சேரும். சாயம் இல்லாமலேயே அது ஒளிரும். எங்களுக்கும் இது தெரியும். ஆனால் வெறும் ஸ்லைடை நாங்கள் சோதித்தது முதல் வருஷம், இளம் எலியில். அது இருட்டாக இருந்தது. பிறகு இளம் எலிகளை மருந்தியல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குக் கிழடுகள்தான் மிஞ்சின. ஒப்பிட மட்டும் அந்தப் பழைய படத்தையே வைத்திருந்தோம்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், கல்லூரி திறப்பதற்குள் தீசிஸ் கொடுத்துவிட்டால்.

"நான் குடுத்ததுக்கப்புறம் பாத்திருக்கக் கூடாதாடி ஒனக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்று மாலையே கைடிடம் போய் அவளே சொல்லிவிட்டாள்.

பார்த்தது தப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னை அரிப்பது அது அல்ல. புள்ளிகளைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். செய்ய வேண்டிய சோதனைகள் என்று ஆய்வகச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த வரிசையில் ஒன்று பலித்துவிட்ட சந்தோஷம். அவள் ஞாபகம் அதற்குப் பின்தான் வந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

பெரிய மைக்ராஸ்கோப் திருச்சியில் இருக்கிறது. அங்கே போக விராலிமலையில் பஸ் ஏறும்போது இப்போதும் இரண்டு கடலை மிட்டாய் வாங்கி, ஒன்றை என் மடியில் போடுகிறாள். "தின்னுடி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க" என்கிறாள். நான் அதைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இளம் எலிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் புள்ளிகள் இல்லை. சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லின் கிளைகளில் மங்கலாகப் பச்சை தெரிகிறது. வெறும் ஸ்லைடை இந்த முறை அவள்தான் முதலில் பார்த்தாள், இருட்டாக இருந்தது. இன்னும் இரண்டு எலிகளில் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.