தம்பி கால்சட்டையில் இருந்த சோறு

மிஸ்ஸி போய்விட்டாராம். புக்கிட் பெருவாங்கிலிருந்து அவர் மகள் காலையில் கால் பண்ணிச் சொன்னாள்... யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

அன்னம்மா மிஸ்ஸி, மெர்லிமாவ் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்.

அது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம். அம்மா இல்லை. அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போனதும், வளர்க்கிறேன் என்று கூட்டிப்போன ஒருவன் என்னையும் தம்பியையும் இரண்டு வருடம் ஸ்டோர் அறையில் பூட்டிவைத்தான்.

அடி, பட்டினி, சூடு... அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

எஸ்டேட் வீடுகளையெல்லாம் அரசாங்கம் முள்வேலிக்குள் மாற்றியபோது, சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர்கள்தான் பூட்டை உடைத்தார்கள். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அவன் பேச்சையே மறந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் பாதிச் சோற்றைத் தின்பான், மீதியைக் கால்சட்டைப் பையில் ஒளித்துவைப்பான். புளித்து நாறும். ஆயா ஒருநாள் பிடுங்கப் போனாள்... அவன் கத்திய கத்தலில் வார்டே எழுந்து நின்றது.

மிஸ்ஸி ஆயாவை வெளியே அனுப்பிவிட்டு, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, உங்கட பொக்கெட்டுக்குள்ள இனி ஒருத்தரும் கை வைக்க மாட்டினம். நானும் வைக்க மாட்டன். சரியோ?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான்காவது மாதம் தம்பி ஒளித்துவைப்பதை விட்டான். ஒருநாள் "மிச்சி" என்று கூப்பிட்டான். மனுஷி வராந்தாவுக்குப் போய் அழுதார்.

பிறகு, அடியில் கோணிப்போன அவன் கையைக் காட்ட மிஸ்ஸியோடு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அப்போது ஒரு பிடி சோறுகூட எஸ்டேட் கேட்டைத் தாண்டக் கூடாது. காவல்காரன் தம்பியின் பையைத் தடவினான். உள்ளே இலையில் கட்டிய சோறு.

"யாருக்குடா கொண்டு போற?"

தம்பியைக் காவல் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினான்... கதவைச் சாத்தினான்.

"பிள்ளையை விடுங்கோ! நான்தான் கட்டிக் குடுத்தனான்!" மிஸ்ஸி இரண்டு கையாலும் கதவை இடித்தார்.

"அப்ப நீங்க போலீஸ் லாரியில ஏறுங்க மிஸ்ஸி. ரூல்ஸ் லா."

தம்பியை விட்டுவிட்டு அவரை ஏற்றிப்போனார்கள். எங்கள் எஸ்டேட்டுக்கு அவரைத் திரும்ப விடவேயில்லை. அன்று மூடிய வாயைத் தம்பி சாகும்வரை திறக்கவில்லை. இருபது வயதில் போய்விட்டான்.

அந்தச் சோற்றை வைத்தது நான்.

மலாக்காவில் சோறு போடமாட்டார்கள் என்று பயந்தேன். அவன் பையில் மிஸ்ஸி கை வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வயதான பிறகு தேடிக் கண்டுபிடித்து இரண்டு தடவை அவரைப் பார்க்கப் போனேன், சொல்லிவிடத்தான். இரண்டு தடவையும் அவரே ஆரம்பித்தார். "தம்பியில பிழை இல்லை பிள்ளை. நான் அண்டைக்கு அவன்ர பொக்கெட்டை ஒருக்கா பாத்திருக்கோணும்."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பாவி.

போய் வாருங்கள் மிஸ்ஸி. அங்கே தம்பியைப் பார்த்தால் கேளுங்கள்... யார் வைத்தது என்று அவன் சொல்வான்.