கட்டைவிரலும் ஒரு கோட் வெள்ளையும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கிறது. கடைத்தெருவில் அவர் ‘கூலிங்’. வயது வந்த நாள்முதல் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவருக்கு வேறு என்ன பெயர் வரும்? பெயரில் இருக்கும் குளிர்ச்சி ஆளிடம் கிடையாது. மூக்குக்கு மேல் கோபம். சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்கிறவர்களை அவர்கள் வீட்டிலேயே நின்று திட்டிவிட்டு, கூலி வாங்க மறந்து வந்துவிடுகிற ஜாதி.

ரிப்பேரைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பெயின்ட்தான். துருப்பிடித்த கதவைக் கொண்டுபோய்ப் போட்டால் உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பூசி, மேலே வெள்ளை அடித்துத் தருவார். அடியில் என்ன இருந்தது என்று அந்த ஃபிரிட்ஜுக்கே மறந்துபோகும். ஒரு சின்னக் கறுப்பு தெரிந்தாலும் இன்னொரு கோட். அந்தக் கைக்குத்தான் போன வருடம் சோதனை வந்தது.

கொண்டுவந்தவர் அக்கா. கணவர் போனபிறகு மகளோடு இருக்கலாம் என்று வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இனி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. தம்பி வீட்டுப் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கச் சொல்லி, உள்ளே பழைய துணியில் சுற்றியிருந்ததை வெளியே எடுத்தார். நான்கு காலில் நிற்கும் பிளாஸ்டிக் விண்கலம், ஒரு முழம் உயரம். பள்ளிக்கூட வினாடி வினாவில் அக்கா ஜெயித்த பரிசு. துண்டுதுண்டாக வந்ததை அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒட்டினார்கள். பெயின்ட் அடிக்காமலே கிடந்தது. வீட்டில் அதற்குக் கப்பல் என்றே பெயர்.

“போற எடத்துல ஜன்னலோரமா வைக்கணும். நிஜக் கப்பல் மாதிரி அடிச்சுக் குடுடா,” என்றார் அக்கா. “ஃபிரிட்ஜ் மாதிரி அடிச்சுடாத.”

“எனக்கே சொல்லித் தரியா?” என்றார் கூலிங்.

“சொல்லித் தந்து என்ன ஆச்சு? அன்னிக்கு அந்தக் கால எப்படி ஒட்டி வெச்சே?”

“நான் ஒட்டல. நீதான் ஒட்டுன.”

ஆரம்பித்துவிட்டார்கள். சிறுவயதில் ஒருநாள் கலத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒரு கால் ஒடிந்துபோனது. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கப் போனார்கள். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் கால் ஒட்டியிருந்தது, ஆனால் ஒட்டிய இடம் சப்பென்று அமுங்கி அசிங்கமாக இருந்தது. நீதான், நீதான் என்று அன்று தொடங்கியது. அக்கா கல்யாணத்தன்றுகூட மேடையருகே நின்று அந்தச் சண்டை நடந்தது.

அப்பா அப்போதெல்லாம் பக்கத்தில்தான் இருப்பார். புத்தக பைண்டிங் வேலை, பேச்சு குறைவு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பொம்மை எதற்கு என்று முணுமுணுத்தவர். சண்டை முற்றினால் ஒன்றே ஒன்று சொல்வார்: “யாரு ஒட்டுனா என்ன? கப்பல் நிக்குதா இல்லையா?” பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கூலிங் வேலையில் இறங்கினார். கடையில் இருந்த ஸ்ப்ரே கன் இதற்கு ஆகாது, பேனா அளவு ஏர் பிரஷ் வேண்டும் என்று தெரிந்து வாங்கினார். அதன் விசையை விரலால் அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். காற்றுக்கு, யாரோ தூக்கிப்போட்ட ஃபிரிட்ஜ் ஒன்றின் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டினார். சத்தமே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

போனில் ஒரு வீடியோவில் யாரோ வெளிநாட்டுக்காரர் அடித்துக் காட்டினார். மொழி புரியவில்லை, கை புரிந்தது. அந்த முறைக்கு ப்ரீ ஷேடிங் என்று பெயர். தகடும் தகடும் சேருகிற கோடுகளின்மேல் முதலில் கறுப்பு. அதன்மேல் தண்ணீர்ப் பால் போலக் கரைத்த வெள்ளை, பனிமூட்டம் மாதிரி மெல்ல மெல்ல. தகட்டின் நடுவில் வெளுப்பும் ஓரத்தில் மங்கல் நிழலுமாக நிற்கும்போது கையை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பிளாஸ்டிக், நிஜ இரும்பாக, வெயிலும் தூசியும் பார்த்த கலமாகத் தெரியும்.

கையை எடுக்கிற வித்தைதான் அவருக்கு வரவில்லை. பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகினார். கிட்டப் பிடித்தால் கறுப்பு மரவட்டைக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடியது. தள்ளிப் பிடித்தால் வந்து சேருமுன்னே காய்ந்து சொரசொரவென்று ஆனது. ஒருவழியாகக் கோடு வசப்பட்டது. ஆனால் வெள்ளை ஏறியதும் கறுப்பு அரைகுறையாகத் தெரிவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரல் தானாக இழுத்தது.

மனைவி ஒரு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னங்க, இதுல கறுப்பு எதுக்கு அடிச்சீங்க?”

“அடியில தெரியறதுக்கு.”

“எங்க தெரியுது?”

அவர் அடுத்த கரண்டியை எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மனைவி. “காய்கறி வைக்கலாம் போல.”

கோபித்துக்கொண்டு அவர் சாப்பிட வரவில்லை. பிறகு வந்தார், பசி யாரை விட்டது.

அக்கா கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. கரண்டிகளில் பாதி தேறின, பாதி தேறவில்லை. இருந்தாலும் துணிந்து கலத்துக்கே பிரைமர் அடித்தார். சாம்பல் நிறத்தில் ஒரே பூச்சு. பளபளப்பு போய், மேற்பரப்பில் இருக்கிற கீறல், பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அமுங்கிய காலைத் தேய்த்துச் சரிசெய்ய உப்புத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

அமுங்கிய இடத்தில் வரிவரியாக ரேகை தெரிந்தது. கட்டைவிரல் ரேகை. தன் விரலை மேலே வைத்துப் பார்த்தார். வளர்ந்த அவர் விரலையும் விட அது அகலம். குறுக்கே நேராக ஒரு வெட்டுக் கோடு.

அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். பைண்டிங் கத்தி பட்டு அப்பாவின் வலது கட்டைவிரலில் விழுந்த தழும்பு. பசை தடவினால் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது பைண்டிங்காரர் பழக்கம். காகிதம் அப்படித்தான் ஒட்டும். இந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கும் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து, ஒட்டி, அழுத்திப் பிடித்திருக்கிறார்.

கூலிங் உப்புத்தாளைக் கீழே போட்டார். அப்பா தைத்த புத்தகங்கள் எல்லாம் ஊரார் வீடுகளில் இருந்தன. அப்பா போனபிறகு அவர் கை பட்ட பொருள் என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. இனி வெள்ளை அடிக்க வேண்டும். ஒரு கோட் கூடினால் ரேகை மூழ்கிவிடும். கூடிப்போனதைத் தின்னர் போட்டுத் துடைக்கலாம் என்றால், பழைய பிளாஸ்டிக் ரேகையோடு கரைந்துவிடும். அடிக்காமல் விட்டால் அக்கா கேட்ட கப்பல் இல்லை.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வந்து நில்லு. நான் நிறுத்தலேன்னா கையப் புடிச்சு இழு.”

“எதுக்கு?”

“இழுன்னா இழு.”

கோடுகளில் கறுப்பு ஏறியது. ரேகையின் பள்ளங்களிலும் மெல்லிசாக ஏற்றினார். பிறகு வெள்ளை. முதலில் காற்று, அப்புறம் பெயின்ட், கை நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தகடுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. காலுக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை போய்வந்தது. கறுப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு அது அரைகுறை வேலை. விரல் மறுபடி இழுக்கப் போனது. மனைவி கையை நீட்டுமுன் அவரே ஏர் பிரஷை மேசையில் வைத்துவிட்டார்.

“முடிஞ்சுதா?” என்றார் மனைவி.

“முடியல. நிறுத்திட்டேன்.”

அக்கா கிளம்புகிற அன்று காலையில் வந்தார். கலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். நெடுந்தூரம் போய் வந்தது போல அது மேசைமேல் நின்றது. பிறகு பழைய பேச்சுதான் வந்தது. “எல்லாம் சரி, நீ ஒட்டுன கால மட்டும் அப்படியே விட்டுட்டியே.”

கூலிங் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். சுற்றிலும் ரேகை மிச்சம் இருந்தது. விரலை எடுத்தார், குறுக்குக் கோட்டைப் பார்த்தார்.

“நாம சண்ட போடும்போதெல்லாம் பக்கத்துலதானேடா இருந்தாரு,” என்றார்.

“ஆமா.”

“சொல்லவே இல்லையே.”

“சொன்னாருக்கா. தெனமும் சொன்னாரு.”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், யாரும் எழவில்லை. கூலிங் கலத்தை அக்காவுக்கு முன்னால் மேசைமேல் மெதுவாக இறக்கி, கையை எடுத்தார்.

“நிக்குதாடா?” என்றார் அக்கா, கண்ணைத் துடைக்காமல்.

“நிக்குதுக்கா.”