புல்லுருவிப் பூவுக்கு ஒரு மாதத் தவணை

காலை 6.10. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறினேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் ஐயனார் கோயில் காடு ஒன்று உண்டு. திருவிழாவுக்கு முன் அங்குள்ள இலுப்பை மரத்துப் புல்லுருவியை இன்று வெட்டப்போவதாக அக்கா போனில் சொன்னாள். முன்னின்று வெட்டப்போவது அவள் கணவர், என் மாமா. அந்தப் புல்லுருவிப் பூவில்தான் பொங்கல் விடுமுறையில் பச்சைச்சிட்டை முதன்முதலாகப் பார்த்தேன். மாமா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் வெட்டமாட்டார் என்று உறுதியாக நம்பித்தான் கிளம்பினேன்.

பச்சைச்சிட்டு, பெயருக்குத்தான் சிட்டு. ஏறக்குறைய கொண்டைக்குருவி அளவு இருக்கும். உடம்பு முழுக்கத் தளிர்ப் பச்சை. ஆணுக்குத் தொண்டை கறுப்பு, அதில் நீல மீசை. நெற்றியில் பொன்னிறம் கொண்ட இன்னொரு வகை, ஈரமான மலைக்காடுகளை விரும்பும். நம் சமவெளியில் வாழும் இந்த வகைக்கு அடர்ந்த தோப்போ கோயில் காடோ போதும். பூச்சி, பழம், பூந்தேன் எல்லாம் உண்ணும். புல்லுருவிப் பூ என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

செம்மங்குப்பத்தில் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஏறி, உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி 7.30க்குச் சிதம்பரம். மாமா பைக்கோடு நின்றிருந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய புது ரம்பம்.

"இத புடி மச்சான். கைய கிழிச்சிக்காத."

வெட்டாமல் தடுக்க வந்தவன், வெட்டும் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு வேணாம் மாமா."

"பூ கட்டி கேட்டாச்சி. வெள்ளப் பூ வந்துச்சி. நீ இன்னா, ஐயனாருக்கு மேலயா?"

அந்தக் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுப்பதில்லை. மரத்தில் கைவைக்க வேண்டுமென்றால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் வெளியே நின்றுவிட்டது. இலுப்பை உச்சியில் புல்லுருவி கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு கிளைகள் பட்டுப்போயிருந்ததும் கண்ணில் பட்டது. மரத்தின் சாற்றை உறிஞ்சியே புல்லுருவி அதைக் கொன்றுவிடும் என்ற மாமாவின் கவலை பொய்யில்லை. மரமேறும் முருகையன் இடுப்பில் கயிற்றோடு பாதி மரத்தில் இருந்தார்.

"பத்து நிமிஷம் டைமு. ஒன் குருவிய காட்டு," என்றார் மாமா.

உச்சிக் கொத்து ஒன்றிலிருந்து இரட்டைவால் கரிச்சானின் கரகரப்பு கேட்டது. "அது கரிச்சான், அத உடுங்க" என்று அடுத்த மரத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

"கடலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து எனக்குக் கரிச்சான் காட்டுறியா?"

முருகையன் மேலிருந்து சிரித்தார். அதே கொத்திலிருந்து இப்போது கொண்டைக்குருவி கூவியது. அப்போதுதான் உறைத்தது. கரிச்சான் மொட்டைக் கொம்பில் பளிச்சென்று உட்காரும், இலைக்குள் ஒளியாது. மற்ற பறவைகளின் குரலில் கத்துவது பச்சைச்சிட்டின் வழக்கம். பைனாகுலரைத் தூக்கினேன். தலைகீழாகத் தொங்கியபடி ஒரு பூவில் அலகை நுழைத்துக்கொண்டிருந்தது.

பைனாகுலரை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை உச்சிக் கொத்துக்குத் திருப்பினார்.

"அட, மீச வெச்சிருக்கான்டா! நம்ம ஐயனாரு மாரி!"

"சட்டுனு சொல்லுங்க, காலு கடுக்குது," என்றார் முருகையன்.

மாமா கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வெட்டுன்னு உத்தரவு குடுத்தாரு. என்னைக்குன்னு சொல்லல. பூ கொட்டட்டும், அடுத்த மாசம் பங்குனில, திருவிழாவுக்கு முன்ன பாத்துக்கலாம். எறங்கு முருகா."

"பங்குனியிலும் ஒரு கொத்த மட்டும் உட்டுடுங்க மாமா."

"ஜாஸ்தி பேசாத மச்சான். மரம் பட்டுப்போனா நீயா வந்து நிப்ப? அத மறுபடி பூ கட்டிதான் கேக்கணும்."

மாலை நான்கு மணி வண்டியில் திரும்பினேன். கடலூரில் எங்கள் தெருவில் மரம் வெட்ட யாரும் யாரையும் கேட்பதில்லை. காலையில் நிற்கும் வேம்பு, வேலை முடிந்து வரும்போது இருக்காது. அந்தக் காட்டில் கேட்கிறார்கள். கேட்கிற இடத்தில் பேசவும் இடமுண்டு. பங்குனியில் பொட்டலம் கட்டும் நாளை எனக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லி, அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.